முப்பத்திநாலு டிகிரி

நாலாவது திருகாணி கழன்றதும், பெட்டிக்குள்ளிருந்து சாம்பல் கலந்த தண்ணீர் ஒரு தம்ளர் அளவுக்கு அவள் மடியில் கொட்டியது. சமையலறை வாசலில் நின்ற சித்தப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே குரலில் "அய்யய்யோ" என்றார்கள். முன்னறையில் அப்பா கிடந்தார். காலையிலிருந்து அவருக்குக்கூட இவ்வளவு ஒருமித்த அய்யய்யோ கிடைத்திருக்கவில்லை.

"அரிசியில போட்டு வைம்மா," என்றார் எதிர்வீட்டுக்காரர். "என் மச்சான் போன் டாய்லெட்ல விழுந்துச்சு. மூணு நாள் அரிசியில வச்சான். இன்னிக்கும் அதுலதான் பேசுறான்."

"அந்த அரிசியை என்ன பண்ணாரு?"

அவர் யோசித்தார். "அதைக் கேக்கலையே."

அரிசியில் போட்டால் அரிசிதான் ஈரமாகும், துரு அதுபாட்டுக்கு உள்ளே வேலை பார்க்கும். இது அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக மீன் மார்க்கெட்டின் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்க்கிறவள் அவள். உப்புத் தண்ணீர், செதில், ரத்தம், ஐஸ் எல்லாம் குடித்துச் செத்த தராசுகள் வாரம் பத்தாவது வரும். ஏழெட்டைப் பிழைக்க வைத்து அனுப்புவாள்.

"நாலு மணிக்கு வண்டி வந்துரும்," என்றார் சித்தப்பா. "மூணுக்கு நான் பேசறேன். அதுக்குள்ள இது எரியணும். அண்ணன் படத்துக்குப் பக்கத்துல வைக்கணும். ஒரு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சாக்கூடப் போதும்மா. வர்றவங்க பாக்கணும், எப்பேர்ப்பட்ட மூளை போயிருக்குன்னு."

சித்தப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும், யாராவது கோப்பை நீட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். இரங்கலுரை நாலு பக்கம் தயார். அதில் அப்பா "அறிவியல் மேதை" ஆகியிருந்தார். உயிரோடிருந்தவரை அவரை "அந்தக் கரிமூட்டக்காரன்" என்றுதான் சித்தப்பா சொல்வது வழக்கம். மேதையாக ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

அப்பா முப்பது வருஷம் ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை பார்த்தார். மணிக்கொரு தடவை சுவரிலுள்ள வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் வேலை. மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு. ஓய்வு பெற்ற மறுமாதமே சூட்டின் பக்கம் தாவிவிட்டார். ஓர் இரும்பு டிரம்மை அறுத்துப் பின்கட்டில் பார்பிக்யூ அடுப்பு செய்தார். பெரிய இறைச்சித் துண்டை வைத்து மூடி, பத்து மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவிட வேண்டும். அந்தச் சூட்டைக் காவல் காக்கத்தான் இந்தப் பெட்டி. பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, உள்ளே பலகை, வெளியே ஒரு சின்ன ஃபேன், ஒரு பொத்தான். நீள ஒயரின் நுனியில் இறைச்சிக்குள் குத்துவதற்கு ஓர் ஊசி. சூடு குறைந்தால் ஃபேன் ஓடிக் கரியை ஊதும். ரொம்பக் குறைந்தால் பெட்டி கத்தும். தான் கத்துவதோடு திருப்திப்படாமல் வீட்டிலுள்ளவர்களின் போனையும் கத்தவைக்கும்.

அம்மா ஒண்ணாம் நம்பர். மகள் ரெண்டு. அவள் கல்யாணம் முறிந்து, ஒரு துணிப்பையும் சால்டரிங் அயனுமாக வீட்டுக்குத் திரும்பி வந்து நாலு வருஷமாகிறது. அதனால் பட்டியலில் இடம் கிடைத்தது.

மூடியைத் திறந்தால் கத்தும். காற்றடித்தால் கத்தும். பெட்டி வைத்திருக்கும் ஸ்டூலில் பூனை முதுகைத் தேய்த்தால் கத்தும். அம்மா ஒரு வாரம் தாங்கினாள். "ஒண்ணாம் நம்பர் கவுரவமெல்லாம் எனக்கு வேணாம், என்னை லிஸ்டுலேர்ந்து தூக்குங்க" என்று போனை நீட்டிவிட்டாள். மகள் நீட்டவில்லை. பாசத்தால் அல்ல, அவரோடு வாதம் பண்ண அலுப்பு. போன் கத்தினால் பார்க்காமலே கட்டைவிரல் "நிறுத்து" என்ற இடத்துக்குப் போய்விடும். நிறுத்தினால் அங்கே பெட்டியும் வாயை மூடிக்கொள்ளும்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கத்தியது. அவள் மாடியில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் போய் வந்தது. அடுத்த காலுக்கு மாறினாள்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது. ஏழரைக்கு அம்மா கொடித்துணி எடுக்கப் போனாள். அடுப்புப் பக்கத்தில் அப்பா ஒருக்களித்துக் கிடந்தார்.

"மழையில உக்காந்து என்னத்தைப் பாக்கறீங்கன்னு திட்டிக்கிட்டே போனேன்," என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள். அழாமல், முகவரி சொல்வதுபோல.

இதயம் என்றார் டாக்டர். "ஒரு செகண்டுதான். அவருக்குத் தெரிஞ்சே இருக்காது." ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஒரு செகண்டு தெரு முழுக்கப் போய், காலையில் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது "சிரிச்ச முகமாப் போயிட்டாராமே" என்று வளர்ந்திருந்தது. எல்லோரும் அவள் தோளைத் தொட்டு அதையே சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். அப்படியே இருந்துவிட்டால் நல்லது. அவர் விழுந்தபோதே உயிர் போயிருக்கும். விழும்போது ஒயர் மாட்டி இழுத்து, ஊசி இறைச்சியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கும். அதனால்தான் கத்தியிருக்கும். அப்படியானால் அவள் நிறுத்தியது ஒரு பிணத்தின் பக்கத்தில் கத்திய பெட்டியை. அதில் குற்றம் ஏது.

ஆனால் காலையில் உடம்பைத் துடைக்கும்போது அம்மா ஒன்று சொன்னாள். "உள்ளங்கையில சிவப்பா ஒரு கோடு பாத்தியா? குச்சி மாதிரி நேரா. டாக்டர் பழைய காயமா இருக்கும்னாரு. முந்தாநாள்கூட நான்தானே நகம் வெட்டி விட்டேன். ஒண்ணும் இல்லையே."

சித்தப்பா லைட் எரியணும் என்று கேட்டதும் அவள் உடனே ஒத்துக்கொண்டது அதனால்தான். அப்பா செய்த பெட்டி சும்மா சூடு காக்காது. கிடங்கு நோட்டைப்போல நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிவைக்கும்.

பேட்டரியைக் கழற்றினாள். பலகை முழுக்கக் கரியும் கொழுப்புமாக ஒரு சேறு. ஸ்பிரிட் இருந்தது, பிரஷ் அவள் பழுது பார்க்கும் கடையில் இருந்தது, கடை பூட்டியிருந்தது. குளியலறைக்குப் போனாள். கண்ணாடிக்குக் கீழே குவளையில் மூன்று டூத்பிரஷ். நீலம் இனி யாருக்கும் வேண்டாம். எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதன் முடிகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. அப்பா பல்லை அறுப்பதுபோலத்தான் தேய்ப்பார். ஸ்பிரிட்டில் முக்கி, பலகையை மூலை மூலையாகத் தேய்த்தாள். ஊசி ஒயர் செருகும் இடத்தில் பச்சையாகத் துரு பூக்கத் தொடங்கியிருந்தது. சுரண்டினாள். மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சின்ன சில்லு வெடித்துக் கிடந்தது. வீட்டில் கிடந்த பழைய தராசு ஒன்றிலிருந்து அதேபோல ஒன்றைப் பிடுங்கிப் பற்றவைத்தாள். முடி உலர்த்தும் மெஷினைக் கால்மணி நேரம் காட்டினாள்.

"ஆச்சாம்மா?" சித்தப்பா எட்டிப் பார்த்தார். "பேச்சுல ஒரு இடத்துல 'இதோ பாருங்கள்'னு கை காட்டப்போறேன். காட்டற இடத்துல ஏதாவது இருக்கணும்."

"கதவைச் சாத்திட்டுப் போங்க சித்தப்பா. தூசி வருது."

சமையலறையில் தூசி எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்.

பேட்டரியைப் போட்டாள். திரை ஒரு தடவை துடித்து, வெளிறி, பிறகு எழுத்துக் கூட்டியது. *வணக்கம். ஏழாம் பதிப்பு.* முதல் ஆறு பதிப்பையும் யாரும் பார்த்ததில்லை. அடுத்து, தானாகவே, கடைசியாக ஓடிய நேரத்தின் பதிவு திறந்தது. கிடங்கில் ஷிப்டு மாறும்போது முந்தின ஆள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பெட்டிக்கும் அதைப் பழக்கியிருந்தார். பொத்தானை ஒவ்வொரு தடவை அமுக்கினால் ஒவ்வொரு வரி.

6:10. இறைச்சி 91.
6:11. இறைச்சி 91.
6:12. இறைச்சி 58.
6:13. இறைச்சி 37. அலாரம்.
6:13. நிறுத்தம்: 2.

வெளியே கிடக்கும் ஊசி என்றால் அடுத்து இருபத்தாறுக்கு இறங்க வேண்டும். நேற்று மாலைக் காற்றின் சூடு அவ்வளவுதான். அவள் பொத்தானை அமுக்கினாள்.

6:14. இறைச்சி 34.
6:15. இறைச்சி 34.
6:16. இறைச்சி 34.

அமுக்கிக்கொண்டே போனாள். முப்பத்திநாலு. முப்பத்திநாலு. ஒரு முப்பத்தைந்து. மறுபடி முப்பத்திநாலு. ஊசியைத் தேடி எடுத்துத் தன் கைக்குள் வைத்து இறுக்க மூடினாள். இன்னொரு கையால் இப்போதைய சூட்டுக்கு மாற்றினாள். இருபத்தெட்டிலிருந்து ஏறி வந்து நின்றது. முப்பத்திநாலு.

ஸ்டூல் உயரமானது. கீழே விழுந்தவருக்குப் பெட்டி எட்டியிருக்காது. தொங்கிய ஒயர் எட்டியிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் ஊசி உருவி வரும், சூடு இறங்கும், வீட்டுக்குள் போன் கத்தும் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். இழுத்தார். கத்தியது. தலைக்கு மேலே பெட்டியும் கத்தியிருக்கும், பிறகு நின்றிருக்கும். நின்றது என்றால் யாரோ போனைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாரோ பார்த்துவிட்டார்கள்.

அவள் பதிவுக்குத் திரும்பினாள்.

6:50. இறைச்சி 34.
6:51. இறைச்சி 33.
6:52. இறைச்சி 29.
6:53. இறைச்சி 27.
6:54. இறைச்சி 26.

கை திறந்து ஊசி நழுவியிருக்கும். அதற்குப் பிறகு இருபத்தாறுதான். மழை வந்ததும் பதிவே இல்லை.

பொத்தானை ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும். விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். முப்பத்தெட்டு நிமிஷத்தை ஐந்து விநாடியில் அழிக்க விரல் மறுத்தது, நேற்று அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்த அதே விரல்.

கதவு திறந்தது. "அட, எரியுதே!" என்றார் சித்தப்பா. அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி அவர் கையில் இருந்தது. ஒயர் பின்னால் வால்போலத் தரையில் இழுபட்டுப் போனது.

முன்னறையில் முப்பது பேர் இருப்பார்கள். இறந்தவரின் தலைமாட்டில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா முதல் மூன்று பக்கத்தை முடிக்கும்போது எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை கண்ணசந்து விழித்தார். மகள் கதவோரம் நின்றாள். ஸ்பிரிட் வாசனை கையை விட்டுப் போகவில்லை.

"இதோ பாருங்கள்!" சித்தப்பா கை காட்டினார். கை காட்டிய இடத்தில் பெட்டி இருந்ததில் அவருக்கே ஒரு பூரிப்பு. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். "என் அண்ணன் கடைசி மூச்சுவரை ஆராய்ச்சியில் இருந்தார் என்பதற்கு இதுவே சாட்சி. நேற்றைய பதிவு இது. கேளுங்கள். ஆறு பதினாலு, முப்பத்திநாலு டிகிரி. ஆறு பதினஞ்சு, முப்பத்திநாலு. ஆறு பதினாறு, முப்பத்திநாலு..." குரல் உயர்ந்தது. "அசையலையே! அரை மணி நேரத்துக்கு மேல ஒரே சூடு! வெளிநாட்டு மெஷின்ல கிடைக்குமா இந்தத் துல்லியம்?"

யாரோ ஆமோதித்து உச்சுக் கொட்டினார்கள். அம்மா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள். தரையில் கிடந்த ஒயரை நுனிவரை பார்த்தாள், அங்கே ஊசி. பிறகு எட்டிப் போர்வைக்கு வெளியே இருந்த அப்பாவின் கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பி வைத்தாள்.

சித்தப்பா திரையை உற்றுப் பார்த்தார். "இங்க முன்னாடி ஒண்ணு போட்டிருக்கே. 'நிறுத்தம்: ரெண்டு'. ரெண்டுன்னா என்ன? ஏம்மா, நீதானே சரி பண்ணே, ரெண்டுன்னா யாரு?"

முப்பது பேரும் கதவோரம் திரும்பினார்கள்.

"ரெண்டாவது ஃபேன்," என்றாள் அம்மா.

"என்ன அண்ணி?"

"ரெண்டாவது ஃபேன் நின்னுச்சுன்னு அர்த்தம் தம்பி. சொல்லியிருக்காரு என்கிட்ட."

அந்தப் பெட்டியில் இருந்தது ஒரே ஃபேன். பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது தெரிந்தது. சித்தப்பா மட்டும் பெரிதாகத் தலையாட்டினார். "கேட்டுக்கிட்டீங்களா? ஒரு ஃபேன் நின்னும் சூடு குறையலை. அந்த மாதிரி வடிவமைச்சிருக்கார்!"

"போதும் தம்பி," என்றாள் அம்மா. "அணைச்சிடுங்க."

வண்டி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. நாலாம் பக்கம் சித்தப்பாவின் பைக்குள்ளேயே தங்கிப்போனது.

பின்னால் போகும் வேனில் அவள் முதலில் ஏறி, அம்மாவுக்காகக் கையை நீட்டினாள். படி ஈரமாக இருந்தது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினாள். வேனில் எட்டு இருக்கை காலியாக இருந்தது.

"தள்ளி உக்காரு," என்றாள் அவளிடம். "ஜன்னல் எனக்கு வேணும்."

அவள் நகர்ந்தாள். அம்மா உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, ஏசி போடவா என்றார். வேண்டாம் என்று அம்மா ஜன்னலை இறக்கினாள். வண்டி புறப்பட்டுத் தெருமுனை திரும்பியது, கடைத்தெரு வந்தது, சிக்னலில் நின்றது, மறுபடி புறப்பட்டது. அம்மாவின் வலது கை மடியில் மூடியபடி கிடந்தது. மகள் வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது திறக்கவில்லை.