கால்பார் மைதானத்தில் விழுந்து கிடந்தவன்

அஷ்வத் பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை அவன் சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதும், மைதானத்தில் விழுந்த இடத்திலேயே, இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தான். முதலில் பார்த்தது புல் வெட்டுகிறவர்தான். யாரோ குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள் என்று நினைத்து எழுப்பப் போனவர், முகத்தையும் சட்டையின் நம்பரையும் பார்த்துவிட்டு கிளப் செயலாளருக்கு போன் செய்தார். செயலாளர் அஷ்வத்துக்கு போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வீட்டில் என்றான். "இங்கேயும் இருக்கியாமே," என்றார் செயலாளர். மதியத்துக்குள் கிளப் டாக்டர் வந்து பார்த்தார். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் இருபத்தொரு வயதுப் பையனுக்கு இருக்கவேண்டியபடி இருந்தன. கணுக்காலில் வீக்கமில்லை, சிராய்ப்பில்லை, காலுறையில் பூட்ஸ் உரசிய அடையாளம்கூட இல்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். மைதானத்தையே தூக்குவது போல இருந்தது என்று விட்டுவிட்டார்கள். கிடந்தவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சற்றைக்கொருதரம் வாயைத் திறந்து தமிழில் "அம்மா" என்று கத்தினான், அவ்வளவுதான்.

கிளப்பின் பெயர் கால்பார் அத்லெடிக். வங்காளத்தில் கால் என்றால் வாய்க்கால், பார் என்றால் கரை. கேஷ்டோபூர் வாய்க்கால் கரையில் மைதானம் இருந்ததால் அந்தப் பெயர். கால்பந்துக் கிளப்புக்குப் பொருத்தமான பெயர்தான் என்று அஷ்வத்தின் அப்பா ஜம்புநாதன் ஒருமுறை சொன்னார். அதைத் தவிர கால்பந்தைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை. மகன் ஒன்றாம் வகுப்பு போகும்போது திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர், அப்புறம் வந்த மாற்றல்களையெல்லாம் மகனின் பயிற்சிக்காகக் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளிப்போட்டார். அஷ்வத் இடது விங்கில் ஓடினால் கேலரி எழுந்து நிற்கும். மெட்ராஸ் மெயில் என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, தோற்ற அணி கீழ் டிவிஷனுக்குப் போய்விடும் என்கிற கடைசி மேட்ச்சில், மெயில் நகரவே இல்லை. எதிரில் நின்றது சாந்த்ராகாச்சி ஜங்ஷன் கிளப்பின் ரைட் பேக், சுபல் மைதி. முப்பத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் கட்டு. மேஜைமேல் இருக்கும் தண்ணீர் தம்ளரை எடுப்பது போல, எதையும் சிந்தாமல், ஒவ்வொரு தடவையும் அவன் காலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அஷ்வத் எப்படியோ பாக்ஸுக்குள் வந்தான். சுபலின் கால் நீண்டது, ஒரு சாண் தூரத்தில் நின்றது, திரும்பிப் போயிற்று. அஷ்வத் விழுந்தான். அம்மா என்ற அந்த அலறல் அவ்வளவு நன்றாக இருந்ததால் ரெஃப்ரி யோசிப்பதற்கு முன்னாலேயே விசில் ஊதினார். கேமராவை அவர் முதுகே மறைத்துவிட்டது. சுபலுக்குச் சிவப்பு அட்டை, கால்பாருக்குப் பெனால்டி, கோல். ரசிகர்கள் அஷ்வத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இறங்கும்போது நொண்டவேண்டும் என்று ஞாபகம் வந்தது. எந்தக் கால் என்று ஒரு கணம் சந்தேகமாகவும் இருந்தது.

கிடப்பவன் ஊருக்குச் சீக்கிரமே பழகிப்போனான். பந்து அவன்மேல் பட்டால் கோல்போஸ்ட்டில் பட்டதாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று கால்பந்துச் சங்கம் விதி எழுதியது. புல் வெட்டுகிறவர் அவனைச் சுற்றி வெட்டினார். மழைக்காலத்தில் யாரோ குடை நட்டுவைத்தார்கள். கிளப்பைக் கீழே போகாமல் காப்பாற்றியவன் என்பதால் சாமந்தி மாலை போட்டார்கள், பூஜை சமயத்தில் ஒரு சீரியல் பல்புச் சரமும் கட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் முதலில் குனிந்து அந்தக் கணுக்காலைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கோபமில்லை என்பதுதான் அஷ்வத்துக்குத் தாங்க முடியவில்லை. அருமையான விழுகை என்று அவன் தோளைத் தட்டிச் சொன்னார்கள். அகாடமிப் பிள்ளைகள் அவன் பக்கத்தில் வரிசையாக விழுந்து பழகினார்கள்.

அஷ்வத் பாக்ஸுக்குள் போவதை நிறுத்தினான். இடது கோட்டை ஒட்டி ஓடி, தன்னைத் தான் பார்க்கவேண்டியிராத தூரத்திலேயே நின்று, அங்கிருந்து கிராஸ் அடித்தான். வெட்கத்தில் அடித்த கிராஸ்கள் ஆச்சரியமாக அமைந்தன. பந்து வளைந்து போய் ஸ்ட்ரைக்கரின் நெற்றியில் உட்கார்ந்தது. பத்திரிகைகள் அவன் ஆட்டம் முதிர்ச்சியடைந்துவிட்டது என்று எழுதின. இரண்டு சீசன் அப்படிப் போயிற்று. இந்திய அணிப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள், கேரளத்துக் கிளப் ஒன்று பேச்சு வார்த்தைக்கு ஆள் அனுப்பியது. வந்த ஆள் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் போட்டால் அவரும் கூட வருவாரா என்று கிடப்பவனைக் காட்டி விசாரித்தார். அஷ்வத் முகம் சிவந்து உள்ளே போய்விட்டான். ஜம்புநாதன் அலுவலகத்துக்கு வாய்க்கால் பாதையை விட்டுச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். இன்றைக்கு வீட்டில் இருப்பது எவன் என்று சக ஊழியர்கள் தினமும் கேட்டார்களாம்.

காற்று வாய்க்கால் பக்கமிருந்து அடித்தால் "அம்மா" என்கிற குரல் குவார்ட்டர்ஸ்வரை கேட்கும். அஷ்வத்தின் அம்மா மஞ்சுளா அப்போதெல்லாம் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். மகன் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் கேட்காதது போல இருப்பார்கள். ஒருநாள் அவள் மிக்ஸியைப் போடவில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போய், புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கிடப்பவனின் கணுக்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். பயிற்சிக்கு வந்த அஷ்வத் அதைப் பார்த்தான். அணியே பார்த்தது.

"எழுந்து வாம்மா," என்றான் தணிந்த குரலில். "அவனுக்கு ஒண்ணுமில்ல. அது நடிப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குத் தேய்க்கிற?"

"அம்மான்னு கூப்பிடறானே. வராம எப்படி இருக்கறது?" என்றாள் அவள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அன்றைக்குக் கூசியது போல அவன் முன்பும் கூசியதில்லை, பின்பும் கூசியதில்லை. அவள் தினமும் போக ஆரம்பித்தாள். இல்லாத வலியைத் தேய்க்கிற விரல்களை அவன் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே ஓடினான். அந்த வாரக் கடைசியில், யாரிடமும் சொல்லாமல், சாந்த்ராகாச்சிக்கு பஸ் ஏறினான்.

சுபல் மைதியின் வீடு ரயில்வே யார்டுக்குப் பின்னால் இருந்தது. அணி கீழே இறங்கிய பிறகு கிளப் அவரை வைத்துக்கொள்ளவில்லை. டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா ஓட்டிக்கொண்டிருந்தார். அஷ்வத் போனபோது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு, கழுவி முடிக்கும்வரை அவனை வெயிலில் நிற்கவைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"சுபல் அண்ணா, நீங்க என்னைத் தொடவே இல்லை," என்றான் அஷ்வத் வங்காளத்தில். வரும் வழியெல்லாம் தயார்செய்த பெரிய பேச்சில் அந்த ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் சுபல். "எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? என் பொண்ணுகிட்டச் சொல்லு. கால் உடைக்கிறவன் மகள்னு பள்ளிக்கூடத்துல பேர் வாங்கிட்டிருக்கா." உள்ளே திரும்பி மஹிமா என்று கூப்பிட்டார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையில் பேனாவோடு வாசலில் வந்து நின்றாள்.

அஷ்வத் மறுபடியும் சொன்னான். அந்தப் பெண் அவனை நன்றாகப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குக் கத்தினீங்க?"

யார்டில் ஒரு சரக்கு ரயில் நகர ஆரம்பித்தது. அது போய் முடியட்டும் என்று அவன் காத்திருந்தான். அது நீளமான ரயில். கடைசிப் பெட்டியும் போன பிறகு வேறு வழியில்லாமல், "உங்க அப்பாவைத் தாண்ட முடியலை," என்றான். "அன்னிக்கு முழுக்கப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தாண்ட முடியலை."

இதை அவன் கோச்சிடம் சொன்னதில்லை, தனக்கேகூடச் சொன்னதில்லை. மஹிமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சுபல் ஈரத்துணியைப் பிழிந்தார். "இடைவேளைக்கு முன்னால ஒரு தடவை தாண்டினே," என்றார், நியாயத்துக்காக. "ஆனா பந்து வெளியே போயிடுச்சு." அப்புறம், சரி போ என்றார்.

அஷ்வத் திரும்பி வந்து அதையே சங்கத்துக்கும் ஒரு நிருபருக்கும் சொன்னான். முடிந்துபோன சீசனை மாற்ற விதியில்லை என்றது சங்கம். விழுந்ததை மன்னித்திருந்த கேலரி, சொன்னதை மன்னிக்கவில்லை. அடுத்த மேட்ச்சில் அவன் பெயரை அறிவித்தபோது யாரும் கை தட்டவில்லை. கிடப்பவனுக்கு மாலை போடுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு காலை சுபல் மகளோடு மைதானத்துக்கு வந்தார். வேட்டைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக உட்கார்ந்து பழைய பூட்ஸை மாட்டிக் கயிறு கட்டினார். மஞ்சுளா எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் இருந்தாள். அவளை ஒதுங்கச் சொல்லிவிட்டு, எந்தக் கால் என்று அஷ்வத்திடம் கேட்டார். இடது என்றான். "இந்த அடிக்காக என்னை வெளியே அனுப்பிட்டாங்க," என்றார் சுபல். "அடியை மட்டும் நான் இன்னும் அடிக்கலை." இரண்டடி பின்னால் போய், வந்து, கிடப்பவனின் கணுக்காலில் உதைத்தார். சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கிடப்பவன் கத்தவில்லை. அத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்த வாய் மூடிக்கொண்டது. தன் கணுக்கால் வீங்குவதை, பார்க்காமலேயே ஓயாமல் பேசிவந்த ஊரை முதல்முறையாக நேரில் பார்ப்பவன் போல, ஆச்சரியத்தோடு பார்த்தான். கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. அஷ்வத் தனக்கும் வலிக்கும் என்று எதிர்பார்த்து இடது காலைத் தூக்கி வைத்திருந்தான். ஒன்றும் வலிக்கவில்லை. அதற்கும் வெட்கப்பட்டுக் காலைக் கீழே வைத்தான்.

சுபல் குனிந்து, ஃபவுல் செய்த ஆட்டக்காரர்கள் செய்கிறபடி, கையை நீட்டினார். "சாரி, தம்பி," என்றார். கிடந்தவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நான்கு பேரால் தூக்க முடியாதவன், ஒரு கை இழுப்புக்கு எழுந்துவிட்டான். மஞ்சுளா ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். கொஞ்சம் மெதுவாக அடித்திருக்கலாம் என்று தன் திருச்சி வங்காளத்தில் சுபலிடம் கோபித்துக்கொண்டாள். "மெதுவா அடிச்சா அதுவும் பொய்யாயிடும், அண்ணி," என்றார் சுபல், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

அவள் அவனை நேராக வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஜம்புநாதன் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, நாற்காலிமேல் இருந்த செய்தித்தாளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் விருந்தாளி தங்கினால் அனுமதி வாங்கவேண்டும் என்பது குவார்ட்டர்ஸ் விதி. விசாரிக்க வந்த குமாஸ்தா இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, விருந்தாளி யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். கணுக்கால் ஆறிற்று, லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. அவன் பந்தைத் தொடவில்லை. மார்க்கெட்டுக்குப் போனான், மின்கட்டணம் கட்டினான், எங்கே இடித்துக்கொண்டாலும் சத்தம் போடாமல் இருந்தான். கேரளத்துக் கிளப் பிறகு பேசவில்லை. அஷ்வத் மறுபடியும் பாக்ஸுக்குள் போனான். டிஃபெண்டர்கள் அவனை நிஜமாகவே இடித்துத் தள்ளினார்கள், எந்த ரெஃப்ரியும் நம்பவில்லை, ஒரு பெனால்டிகூட அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. எழுந்து ஓடினான்.

வெளியில் இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது யாராவது கேட்டால், பெரியப்பா மகன் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தான். கேட்டவர்கள் கால்பார்க்காரர்களாக இருந்தால் அவன் காதெல்லாம் சுடும். சென்ற குளிர்காலத்தில் கருணாமயி ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பது யார் தம்பி என்று கேட்டார். அஷ்வத் வாயைத் திறந்தான், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்," என்றான் அஷ்வத்.

டிரைவர் தலையாட்டினார். அப்படியானால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இன்னும் ஓர் ஆள் ஏறவேண்டும் என்றார்.