ஒரு மரக்கால் பொங்கல்

ஜெயராமனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போன அன்று, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சுலோசனா ஒரு வேண்டுதல் செய்தாள். ஆள் பிழைத்து வந்தால் பருத்திப்பட்டு ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு மரக்கால் அரிசியில் பொங்கல் வைப்பதாக. அவர்கள் குடியிருந்த மூன்றாவது மாடி பால்கனியில் நின்றால் அந்தக் கோயிலின் தகரக் கூரை தெரியும். அதைத் தவிர அவளுக்கும் அந்த அம்மனுக்கும் பழக்கம் கிடையாது. மன்னார்குடியிலிருந்து ஆவடிக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

ஜெயராமன் பிழைத்து வந்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அம்பத்தூர் அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். ஆடி பிறந்ததும் சுலோசனா வேண்டுதலைச் சொன்னாள்.

"மரக்கால்னா எவ்வளவு?" என்றான் அவன்.

சுலோசனாவுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் எல்லோரும் சொல்லிக் கேட்ட வார்த்தை, அவ்வளவுதான். ஜெயராமன் கைபேசியில் தேடினான். ஒரு தளத்தில் ஒரு கணக்கு இருந்தது, அடுத்த தளத்தில் வேறு கணக்கு. நம்பிக்கை வராமல் மன்னார்குடியில் இருந்த சுலோசனாவின் அக்காவைக் கூப்பிட்டான். அக்கா யோசிக்காமல், "ரெண்டு படி ஒரு மரக்கால், மாப்ளே" என்றாள். படிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டபோது, பரணிலிருந்து படியை இறக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, லிட்டர் பாட்டில் ஒன்றரையும் இன்னும் கொஞ்சமும் பிடிக்கிறது என்றாள். ஜெயராமன் ஒன்று புள்ளி ஆறு என்று வைத்துக்கொண்டான். ஆக, ஒரு மரக்கால் என்பது மூன்று லிட்டர் சொச்சம். வீட்டுக் குக்கரில் இரண்டு தடவை வைத்தால் முடிந்துவிடும்.

மறுநாள் காலை சுலோசனா மட்டும் கோயிலுக்குப் போய்த் துலுக்கானத்தைப் பார்த்தாள். அண்ணனூர் பணிமனையில் ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்த வேலை அவருக்கு. அவர் வகையறாதான் தலைமுறையாக அந்தக் கோயில் காரியங்களைப் பார்த்துவந்தது. அவர் மனைவி பேபி பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மரக்காவா? பேஷா வெய்யிம்மா. எட்டு படி அரிசி, ரெண்டு படி பருப்பு. ஜல்லிக் கரண்டியெல்லாம் நம்மகிட்டயே கீது" என்றார் துலுக்கானம்.

"எட்டா? எங்க ஊர்ல ரெண்டு படிதான்."

"அது உங்க ஊரு. இங்க மரக்கான்னா எட்டு. யாரக் கேட்டாலும் அதான் சொல்வாங்கோ."

பேபி கோயில் படியை எடுத்துக் காட்டினாள். பித்தளை, ஒரு பக்கம் நசுங்கியது. பார்வைக்கு அக்கா வீட்டுப் படியளவுதான் இருந்தது. "இதுல தலை தட்டாம கூம்பா அளக்கணும்க்கா. சாமிக்குத் தலை தட்டக் கூடாது" என்றாள்.

சுலோசனா வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெயராமன் உடனே பெருக்கினான். பன்னிரண்டு புள்ளி எட்டு லிட்டர். கூம்புக்கு எவ்வளவு என்று கணக்குப் போட அவனுக்கு வழி தெரியவில்லை. அக்கா தண்ணீரால் அளந்திருந்தாள். தண்ணீரைக் குவிக்க முடியாது.

"நூறு பேருக்கு மேல வருமே! யார் சாப்பிடறது?"

"வர்றவங்க சாப்பிடுவாங்க."

"நீ நம்ம ஊர் வார்த்தையிலதானே வேண்டிக்கிட்டே? அப்ப நம்ம ஊர் அளவுதான்."

"கேட்டது இந்த ஊர்ச் சாமிங்க."

இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. அரிசியின் அளவு ஜெயராமனுக்கு வெறும் சாக்குப்போக்குதான். யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர்தான் முதல் கை அரிசி போட வேண்டும் என்று துலுக்கானம் சொல்லி அனுப்பியிருந்தார். சாகக் கிடந்து பிழைத்தவன் என்று ஒரு தெருவே வேடிக்கை பார்க்க நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று லிட்டர் என்றால் கூட்டம் சேராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கடைசியாகக் கேட்டான்: "சரி, மத்தவங்க சொல்றத விடு. வேண்டிக்கிட்டப்ப உன் மனசுல எவ்வளவு அரிசி இருந்துச்சு? அத வச்சுப்போம்."

சுலோசனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

"அளவெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. டாக்டர் வெளிய வந்து, ஊர்ல யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்கம்மான்னார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எனக்குத் தெரிஞ்சதுலயே பெருசா ஒண்ணச் சொல்லணும்னு தோணுச்சு. அந்த வார்த்தைதான் வாயில வந்துச்சு."

டாக்டர் அப்படிச் சொன்னது ஜெயராமனுக்குத் தெரியாது. யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. காய்ச்சல் கொஞ்சம் அதிகம், நல்ல வேளையாகக் குறைந்தது என்ற அளவில்தான் அவன் அதை நினைத்து வைத்திருந்தான்.

"ஊருக்குச் சொன்னியா?" என்று கேட்டான்.

"இல்ல. சொன்னா நடந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். அவள் மடித்து வைத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினான். திரும்பி வந்து, "எட்டுப் படியே வச்சுரு" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் செங்கல் அடுப்பு மூட்டினார்கள். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்ததால் நெருப்பு நிற்கவில்லை. துலுக்கானம் தகரம் வைத்து மறைத்தார். பேபி அளந்தாள், ஒவ்வொரு படியிலும் அரிசி கூம்பாக நின்று ஓரத்தில் சரிந்தது. ஜெயராமன் முதல் கை போட்டான். குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார்கள். தெருக்காரர்கள் ஆளுக்கொரு தூக்கோடு வந்திருந்தார்கள்.

"நீதானா நைனா அது? காய்ச்சல்ல கெடந்தது?" என்று வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்.

"ஆமாங்க, நான்தான். ரொம்ப மோசமா இருந்தேனாம்" என்றான் ஜெயராமன்.

"இப்ப ஒடம்பு எப்டிக்கீது?"

"பரவாயில்லைங்க."

அவர் தூக்கை நீட்டினார். ஜெயராமன் ஒரு கரண்டி போட்டான். அவர் இன்னும் நீட்டியபடியே நின்றார். இன்னொரு கரண்டி போட்டான்.

பத்தரை மணிக்குள் அண்டா காலியாகிவிட்டது. வீட்டுக்கு என்று எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள். பேபி தன் தட்டிலிருந்து பாதியைச் சுலோசனாவுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அதை அவளும் ஜெயராமனும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றார்கள். உப்பு கொஞ்சம் குறைவு.

திரும்பும்போது இரண்டாவது மாடி வளைவில் ஜெயராமன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுலோசனா அவனுக்கு மேலே இரண்டு படி ஏறியிருந்தாள். இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல, போ" என்றான்.

அவள் போகவில்லை. அவனுக்கு மூச்சு சீரானதும் இரண்டு பேரும் ஏறினார்கள்.