தெற்கே நகர்ந்த வீடு

1974ஆம் வருஷம் மாசி மாதம், அவனியாபுரத்தில் உக்கிரபாண்டியின் ஓட்டு வீடு முதல்முறையாக நான்கு விரற்கடை தெற்கே நகர்ந்தது. முந்தின நாள் வடக்கே மதுரைக்குள் ஏதோ ஒரு கட்சியின் மாநாடு நடந்து, ஒலிபெருக்கிச் சத்தம் காற்றோடு வந்துகொண்டே இருந்தது. காலையில் உக்கிரபாண்டியின் மனைவி ஒச்சாயி வாசல் தெளிக்க வந்தபோது, வாசற்படியை ஒட்டிப் போட்டிருந்த கோலம் படியை விட்டுத் தள்ளிக் கிடந்தது. அதன் பிறகு பஸ் ஹாரன், மில் சங்கு, சினிமாக் கொட்டகைப் பாட்டு என்று நகரத்தின் சத்தம் கூடிய நாளெல்லாம் வீடு தெற்கே நகர்ந்தது. ஊர்ச் சத்தத்துக்கு அசையவில்லை. மாடு கத்தினாலும், சல்லிக்கட்டுக் கூட்டம் தொண்டை கிழியக் கூவினாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. நகரும்போது ஓடு சரிந்ததில்லை, உறியில் தொங்கிய மோர்ச்சட்டி தளும்பியதுமில்லை. ஊர் இதைக் கரையான் வருவதுபோல எடுத்துக்கொண்டது. வைகையில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற மாதிரி, வீடு இப்போது எம்புட்டுத் தூரம் போயிருக்கிறது என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டார்கள்.

தெற்கே இருந்தது உக்கிரபாண்டியின் தம்பி காளையின் நிலம். தகப்பன் செத்துப் பாகம் பிரித்தபோது வீடும் மேட்டுக்காடும் அண்ணனுக்கு விழுந்தன, கிணறும் அதைச் சுற்றிய நிலமும் தம்பிக்கு. கிணறு கைவிட்டுப் போனது உக்கிரபாண்டிக்கு ஆறவே இல்லை. காளை தனியாகக் கொட்டகை போட்டுப் படுத்துக்கொண்டாலும் அவனுக்குச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். ஒச்சாயி வாக்கப்பட்டு வந்தபோது அவன் ஆறு வயதுத் தாயில்லாப் பிள்ளை. அம்மை வார்த்துக் கிடந்தவனுக்குப் பக்கத்தில் இருபது நாள் உட்கார்ந்து ஈ விரட்டியவள் அவள். 1979இல் வீட்டின் பின்சுவர் எல்லைக்கல்லைத் தாண்டியது. காளை அன்றும் வந்தான், சாப்பிட்டான், கை கழுவிவிட்டுச் சொன்னான்: "மதினி, பின்செவுரு எம் பக்கம் வந்துருச்சு. அண்ணன்ட்டச் சொல்லி ஏதாச்சும் வழி பண்ணச் சொல்லுங்க."

கட்டிலில் கிடந்த உக்கிரபாண்டி எழுந்திருக்காமலே பேசினான். "அப்பன் கட்டுன வீடு, அப்பன் வெட்டுன கெணத்தத் தேடிப் போகுது. நான் என்ன கயித்தக் கட்டி இழுக்கவா?"

அன்றோடு காளை அந்த வீட்டில் சாப்பிடுவதை விட்டான். அடுத்த வருஷம் வழக்குப் போட்டான். உக்கிரபாண்டி தல்லாகுளத்தில் ஹாலாஸ்யம் என்ற வக்கீலைப் பிடித்தான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வீடு நகர்றதை நான் நம்பறேன். ஆனா இது அசையாச் சொத்து வழக்கு. அசைஞ்சுதுன்னு நாமளே சொன்னா எப்படி? ஆதியிலேர்ந்து அங்கேதான் இருக்குன்னு சொல்லுங்கோ. பன்னெண்டு வருஷம் அனுபவிச்சுட்டா இடம் உங்களதுதான்." உக்கிரபாண்டி கூண்டில் ஏறி அப்படியே சொன்னான். ஒச்சாயியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "சத்தம் தாங்காம நகந்துச்சு சாமி" என்றாள். சாட்சி எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அதற்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்கள். தீர்ப்பு வரும்வரை எதுவும் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டது. அந்த மாதம் வீடு ஒன்றரை அடி நகர்ந்தது.

1983இல் காளைக்கு ஒரு யோசனை வந்தது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் பஸ் ஸ்டாண்டில் நின்று ஹாரனையும் கண்டக்டர்களின் விசிலையும் பிடித்துவந்தான். கிணற்றடித் தென்னைகளில் நான்கு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி, வீட்டைப் பார்த்துத் திருப்பி, அலறவிட்டான். வீடு நின்றது. மறுநாள் ஒரு விரற்கடை வடக்கே திரும்பியது. உக்கிரபாண்டி அதே வாரத்தில் வாசலுக்கு முன்னால் ஆறு குழாய்களைக் கட்டினான். இரண்டு பக்கமும் நகரம் இரைந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாத வீடு ஒடுங்க ஆரம்பித்தது. முன்கூடமும் பின்கட்டும் நாளுக்கு நாள் நெருங்கின. பசுமலையில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் அன்னக்கொடி விடுமுறைக்கு வந்தபோது குறுக்கே பாய் விரிக்க இடமில்லை. உக்கிரபாண்டி வெளியே வேப்பமரத்தடிக்குக் கட்டிலை மாற்றியிருந்தான்.

"யம்மா, எங்கூட வந்துரு" என்றாள் அன்னக்கொடி.

"நான் வந்துட்டா இவய்ங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆரு இருக்கா?"

1984 ஆடியில் அறை ஒரு ஆள் அகலத்துக்கு வந்துவிட்டது. ஒச்சாயி கிணற்றடிக்குப் போய் இரைச்சலுக்கு மேல் கத்தினாள். "காளை, ஒரு நா நிப்பாட்டுப்பா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன மொதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க மதினி." அவள் வேப்பமரத்தடிக்கு வந்தாள். உக்கிரபாண்டியும் அதையேதான் சொன்னான். ஒச்சாயி வாசலுக்குப் போனாள். "சரி, அலறவிடுங்க. நான் உள்ள இருக்கேன். எம்மேல எரக்கமுள்ளவன் எவனோ அவன் நிப்பாட்டட்டும்" என்று சொல்லி, ஒருச்சாய்ந்து உள்ளே நுழைந்து தாழ் போட்டுக்கொண்டாள்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவன் நிறுத்திவிடுவான் என்று இருவருமே உறுதியாக நம்பினார்கள். வழக்கமாக வரும் மின்வெட்டுகூட அந்த மூன்று நாளும் வரவில்லை. அவள் கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு முன்சுவரும் பின்சுவரும் எல்லைக்கல்லின் மேல் ஒன்றாயின. இருவரும் ஒரே நேரத்தில் சுவிட்சை அணைத்தார்கள். கடப்பாரை கொண்டுவந்து அங்கங்கே குத்திப் பார்த்தார்கள். முழுச் சுவரும் மண்தான், ஒரு முழக் கனம். உள்ளே இடமும் இல்லை, ஆளும் இல்லை. காளை சுவரில் வாயை வைத்து, "நிப்பாட்டிட்டேன் மதினி, நிப்பாட்டிட்டேன்" என்று பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். "மூணு நாளைக்கு முன்ன நிப்பாட்டிருக்கணும்டா" என்று அந்தப் பக்கத்திலிருந்து உக்கிரபாண்டி சொன்னான்.

அன்னக்கொடி வந்தாள். அப்பனிடமும் பேசவில்லை, சித்தப்பனிடமும் பேசவில்லை. சுவரோரம் ஒரு சேலையை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் பசுமலைக்குத் திரும்பினாள். மறுநாள் சேலை அங்கே இல்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். உடல் கிடைக்காததால் போலீஸ் எதுவும் எழுதவில்லை. வீடு என்று ஒன்று இல்லாததால் கோர்ட் வழக்கை முடித்துவைத்தது. அளக்க வந்த சர்வேயர் அதை இருவருக்கும் பொதுவான எல்லைச் சுவர் என்று பதிந்தார். அகலம் சரியாகத்தான் இருக்கிறது என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் ஒச்சாயியின் பெயர் இருந்தது. செத்ததற்குச் சான்று இல்லாமல் பெயரை நீக்க முடியாது. வாக்காளர் சீட்டு கொடுக்க வந்த அலுவலர் வெயிலில் சுவரை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். பழைய கதவு இருந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தது. சீட்டை அதில் செருகினார். பாதி போனதும், உள்ளேயிருந்து யாரோ மீதியை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். அலுவலர் தன் தாளில் அந்தப் பெயருக்கு நேரே 'கொடுக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.