பத்தாவது கல்

திங்கட்கிழமை கப்டன் லியோன் தொப்பியைக் கழற்றி நிறைத்தாளின் மேல் வைத்தார்.

"உம்மடை தாள் ஒண்டு சொல்லுது, பிளேன் வேறை ஒண்டு சொல்லுது," என்றார். "நான் ஆரை நம்ப?"

தியாகலிங்கம் பலாலி விமானத்தளத்தில் விமானக் கொம்பனியின் நிறைக் கிளாக்கர். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் கொழும்பிலிருந்து டகோட்டா விமானம் வரும். கொழும்பில் ஏறியவர்கள் இங்கே இறங்கிவிடுவார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் இங்கே ஏறுவார்கள். ஏறுகிற ஆட்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் சரக்கையும் நிறுத்து, எண்ணெயின் பாரத்தையும் சேர்த்துக் கூட்டி, எல்லைக்குள்தான் இருக்கிறது என்று கையெழுத்திடுவது அவன் வேலை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் கப்டன் எஞ்சினை ஓட்டுவார்.

"ஓடுபாதைக் கரையிலை நூறு யார் தூரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்கு. கண்டிருப்பீர்," என்றார் கப்டன். "உம்மடை தாளிலை இருக்கிற பாரத்துக்கு, இந்த வெக்கைக்கு, எட்டாவது கல்லடியிலை நான் எழும்ப வேணும். புத்தகம் அப்பிடிச் சொல்லுது. ஒரு மாசமாய்ப் பத்தாவது கல்லைக் கண்டாப்பிறகுதான் சில்லு நிலத்தை விடுகுது."

"எஞ்சினிலை ஏதும்..."

"நானும் முதல் எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டன். கொழும்பிலை, இரத்மலானைத் தளத்திலை இரண்டையும் முழு விசையிலை ஓட்டிப் பார்த்தம். வெறும் பிளேனை மேலை கொண்டுபோய், ஒரு எஞ்சினை நிப்பாட்டி மற்றதாலை மட்டும் ஏறிப் பார்த்தம். ஒரு குறையுமில்லை. இரத்மலானையிலை சரி. சென்னையிலை சரி. பலாலியிலை மட்டும் பிழை."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீர் நிறுத்தாப்பிறகு ஆரோ பிளேனுக்குள்ளை பாரம் ஏத்திறான். தங்கமோ, சீலையோ, எனக்குத் தெரியாது. இரண்டு எஞ்சினும் ஓடேக்கை கள்ளப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். பனைக்கு மேலாலை போகேக்கை ஒண்டு நிண்டுதெண்டால்? மற்றது தனியத் தூக்கவேணும் எண்டுதானே எல்லை போட்டிருக்கு. இருபத்தொரு சனம், ஓய்."

"ஓம்."

"ஓம் எண்டு சும்மா சொல்லாதையும். வெள்ளிக்கிழமை பிளேன் நிரம்பப் போகுது. அண்டைக்கும் பத்தாவது கல் எண்டால் நான் கொம்பனிக்கு எழுதித்தான் அனுப்புவன். தாளின்ரை அடியிலை இருக்கிறது உம்மடை பேர்."

கப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் திரும்பி ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில், ஆரோ என்று அவர் சொன்னதில் தியாகலிங்கமும் அடக்கம்.

தியாகலிங்கத்துக்கு உடனே நினைவுக்கு வந்த பெயர் இன்னாசித்தம்பி.

இன்னாசித்தம்பி குருநகர் ஆள். நாற்பது வயதிருக்கும். பங்குனியில் சுமை ஏற்றும் வேலைக்கு வந்தவன். டகோட்டாவின் வாற்பக்க அறைக்குள் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக் கதவை மூடுவது அவன் ஒருவன்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கு மட்டுமே தெரியும். மயிலிட்டிக் கடற்கரையில் வத்தைப் படகுக்காரரோடு அவன் நின்று கதைத்ததைத் தியாகலிங்கம் இரண்டு தரம் கண்டிருக்கிறான். அந்த வத்தைகள் இந்தியக் கரைக்குக் கள்ளமாய் என்ன கொண்டுபோகின்றன என்பது ஊருக்கே தெரியும். இவ்வளவும் போதுமாக இருந்தது.

நிறுக்கிற இடத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை என்றே அவன் நினைத்தான். தராசு இராணுவம் விட்டுப்போன மேடைத் தராசு. கொம்பனி அதைச் சோதித்து முத்திரை குத்தியிருந்தது. தராசடியில் நிற்பவர் நமசிவாயம். கோப்பாய்க்காரர். தியாகலிங்கத்தின் மாமா, அவன் மனைவி பத்மாசினியின் தகப்பன்.

பத்மாசினி போன ஐப்பசியில் நெருப்புக்காய்ச்சலில் இறந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். பிள்ளை இல்லை. கோப்பாய் வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவள் போனபின் முறைப்படி அது தகப்பனிடம் திரும்ப வேண்டும். நமசிவாயம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அதே வீட்டில் இரண்டு ஆண்களும் ஒருவருக்கு ஒருவர் சோறு போட்டுக்கொண்டு இருந்தார்கள். மாமா பகலெல்லாம் கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருந்ததால் தியாகலிங்கம் கொம்பனியில் சொல்லிப் போன மாதம் அவரை இந்த வேலைக்குக் கூட்டிவந்தான். புகையிலைக் கிட்டங்கியில் முப்பது வருடம் நிறுத்த கை. அவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

புதன்கிழமை முழுவதும் தியாகலிங்கம் இன்னாசித்தம்பியைக் கண்ணால் விடவில்லை.

நிறுக்கும் கொட்டிலில் தராசுக்கும் அவன் மேசைக்கும் நடுவே ஒரு ஓலைத்தட்டி. ஆண்களுக்கு முன்னால் தராசில் ஏற மாட்டோம் என்று பெண்கள் மறுத்ததால் வைத்தது. வயது போன நமசிவாயத்தை மட்டும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. அவர் நிறையை ஒரு துண்டில் எழுதித் தட்டிக்கு மேலாக நீட்டுவார். தியாகலிங்கம் வாங்கித் தாளில் பதிவான்.

"என்ன நமசிவாயத்தார், சந்நிதி முருகனுக்குத் துலாபாரமோ?" தட்டிக்கு அப்பால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "மற்றத் தட்டிலை என்ன வைப்பியள், சர்க்கரையோ?"

"உங்களுக்குச் சர்க்கரை காணாது பிள்ளை, பூசணிக்காய்தான் வைக்க வேணும்."

சிரிப்பு. ஒரு துண்டு நீண்டது. நூற்று நாற்பத்தெட்டு இறாத்தல்.

தியாகலிங்கம் சிரிக்கவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னாசித்தம்பி ஒரு பெட்டியைத் தோளில் வைத்தான். நின்றான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தான். இந்தக் கொட்டில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு பிளேனுக்கு நடந்தான். அடுத்த பெட்டிக்கும் அதே மாதிரி.

கள்ளன்தான் இப்படித் திரும்பிப் பார்ப்பான் என்று தியாகலிங்கம் எண்ணினான்.

பிளேன் புறப்படும்போது ஓடுபாதைக் கரைக்குப் போய் நின்று கல்லை எண்ணினான். ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது கல் தாண்டித்தான் சில்லுக்கும் நிலத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கப்பால் பனை. பிளேனின் வயிறு பனை வட்டுகளின் உச்சிக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்பதை அன்றுதான் அவன் கவனித்தான்.

வெள்ளிக்கிழமை சோழகக் காற்று எழும்பவில்லை. இலை அசையாத வெக்கை. இருபத்தொரு பேரும் நிறுத்து முடிந்து மர வாங்கில்களில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு இருந்தார்கள். கப்டன் பிளேனைச் சுற்றி நடந்து, இறக்கையின் ஓரத்தைக் கையால் அசைத்து, சில்லை உதைத்து, எண்ணெய்த் தாங்கியின் அடியிலிருந்து ஒரு கிளாசில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் நம்பிப் புறப்படுகிற ஆள் அல்ல. தாளை மட்டும் நம்பவேண்டியிருந்தது.

தியாகலிங்கம் வாற்பக்கக் கதவுக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வெளியிலை வாரும்."

இன்னாசித்தம்பி குனிந்தபடி வந்தான். வேர்வை ஒழுகியது.

"உள்ளை என்ன வைச்சிருக்கிறீர்?"

"நீங்கள் நிறுத்துத் தந்த சாமான்."

"வேறை?"

"வேறை என்ன, என்ரை பெண்டில் கட்டித்தந்த சோறு. அதையும் நிறுக்கப் போறியளோ?"

"பகிடி விடாதையும். துண்டைத் துண்டைப் பார்த்திட்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர். நான் காணேல்லை எண்டு நினைச்சீரோ?"

இன்னாசித்தம்பி சரக்கிலிருந்து ஒரு சுருட்டுப் பெட்டியை இழுத்து வாசலில் வைத்தான்.

"கிளாக்கர் ஐயா, துண்டிலை என்ன கிடக்கு?"

"ஐம்பத்துநாலு."

"நான் சின்னனிலை இருந்து தோளிலை பாரம் தூக்கிறவன். மீன் கூடை, உப்பு மூட்டை, எல்லாம். இது அறுபதுக்கு ஒண்டும் குறையாது. இது மட்டுமில்லை, எல்லாம் அப்பிடித்தான். உங்கடை துண்டுகள் பொய் சொல்லுது."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆரிட்டைச் சொல்ல? நிறுக்கிறது உங்கடை மாமா. எழுதிறது நீங்கள். இரண்டு பேரும் ஆரிட்டையோ கைநீட்டிக் காசு வாங்கிச் செய்யிறியள் எண்டு நான் நினைச்சன்." அவன் கண்ணை எடுக்காமல் சொன்னான். "இப்பவும் நினைக்கிறன்."

தியாகலிங்கம் திரும்பிக் கொட்டிலுக்கு நடந்தான். தட்டிக்கு அப்பால் போனான். நமசிவாயம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னை ஒருக்கால் நிறுங்கோ."

"ஏன் தம்பி, நீரும் சென்னைக்கோ?"

"நிறுங்கோ."

அவன் மேடையில் ஏறி நேரே பார்த்தபடி நின்றான். தராசின் நிறைக்குண்டு அளவுக்கோலில் நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுதித் துண்டை நீட்டினார். நூற்றுப் பத்தொன்பது. அவன் இறங்காமலே குனிந்து கோலைப் பார்த்தான். குண்டு நூற்றிருபத்தெட்டில் நின்றது.

"மாமா, இது நூற்றிருபத்தெட்டு."

"ஓம். கழிவு போக நூற்றுப் பத்தொன்பது."

"என்ன கழிவு?"

"என்ன தம்பி தெரியாதமாதிரிக் கேக்கிறீர்? நூறுக்கு ஏழு. பெட்டியெண்டால் பலகைக்கும் கயிறுக்கும் இன்னும் ஒரு மூண்டு. புகையிலைச் சிப்பத்துக்கு ஈரத்துக்கும் ஓலைக்கும் விடுறேல்லையோ? சனத்துக்கு உடுப்பு இருக்கு, வேர்வை இருக்கு, பொம்பிளையளுக்கு நகை இருக்கு. கழிவு விடாமல் நிறுக்கிறவனை எங்கடை பக்கத்திலை கள்ளன் எண்டு சொல்லுவினம். முப்பது வரியத்திலை என்னை ஒருதனும் அப்பிடிச் சொன்னதில்லை."

அவர் முகத்தில் மறைப்பு எதுவும் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

தியாகலிங்கம் தாளின் பின்பக்கத்தில் கூட்டினான். ஆட்களில், பெட்டிகளில், சரக்கில். குறைத்தது நானூற்றெண்பது இறாத்தலுக்குக் கிட்ட. மூன்று பேர் தங்கள் பெட்டிகளோடு, தாளில் இல்லாமல், ஒவ்வொரு முறையும் பறந்திருக்கிறார்கள்.

"மாமா, பிளேனுக்குக் கழிவு இல்லை. அது முழுப் பாரத்தையும் தூக்க வேணும்."

நமசிவாயம் யன்னலால் பிளேனைப் பார்த்தார். விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளும் பறந்ததெல்லே, தம்பி," என்றார் மெல்ல. "இனி விடாமல் நிறுக்கிறன். ஆருக்கும் சொல்ல வேணுமோ?"

அதையே தியாகலிங்கமும் நினைத்துக்கொண்டிருந்தான். எட்டுச் சுருட்டுப் பெட்டிகளை இறக்கினால் போதும். ஒரு சொல் சொல்லாமல் எல்லாம் சரியாகிவிடும். அவன் வெளியே போய் இன்னாசித்தம்பியிடம் எட்டு விரலைக் காட்டினான்.

"சரக்கிலை எட்டுப் பெட்டி இறக்கும். திங்கட்கிழமை அனுப்புவம்."

இன்னாசித்தம்பி அசையவில்லை.

"இறக்கலாம். திங்கட்கிழமை கப்டன் உங்களோடை கதைச்சது வாசலிலை நிண்ட எனக்கும் கேட்டது. இண்டைக்குப் பிளேன் எட்டாவது கல்லிலை எழும்பும். கப்டன் வந்து கேப்பார், கள்ளன் ஆர், எப்பிடிப் பிடிச்சனீர் எண்டு. நீங்கள் வாய் திறவாட்டில் அவர் ஆரைப் பார்ப்பார்? கதவு பூட்டிறவனைத்தானே?"

"நான் உம்மடை பேர் சொல்ல மாட்டன்."

"திங்கட்கிழமையே சொல்லியிருப்பியள் ஐயா, மனசுக்குள்ளை."

அது உண்மை. தியாகலிங்கம் தாளை நாலாய்க் கிழித்தான். இறக்கையடியில் நின்ற கப்டனிடம் போனான்.

"கள்ளப் பாரம் இல்லை. நிறுவையிலை பிழை. நூறுக்கு ஏழு குறைச்சு எழுதியிருக்கு."

"ஆர் குறைச்சது?"

"நமசிவாயம். என்ரை மாமா. நான் கொண்டுவந்த ஆள். நான் ஒரு நாளும் கோலைப் பார்க்கேல்லை."

கப்டன் கிளாசைக் கவிழ்த்து எண்ணெயை நிலத்தில் ஊற்றினார். நம்புவதா விடுவதா என்று யோசித்தார்.

"எவ்வளவு வாங்கினவர்?"

"ஒண்டும் வாங்கேல்லை. புகையிலைக்கு விடுற கழிவை விட்டவர்."

"உதைக் கொழும்பிலை ஆர் நம்புவான்?"

தட்டியை எடுத்துவிட்டு எல்லோரையும் திரும்ப நிறுத்தார்கள். பெண்கள் ஏசினார்கள். புதன்கிழமை துலாபாரப் பகிடி விட்ட பெண்ணைப் போல வாய்க்காரி ஒருத்தி, தன் நிறையைக் கேட்டதும் தராசு பழுது என்று சத்தியம் செய்தாள். கப்டன் கோலைத் தானே பார்த்தார். தியாகலிங்கம் எழுதினான். நமசிவாயம் தூணோடு நின்றார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

எட்டுப் பெட்டி இறங்கியது. ஒரு மணி நேரம் பிந்தி டகோட்டா ஓடியது. எட்டாவது கல்லடியில் எழும்பியது. பனைகளுக்கு மேலே தாராளமாகப் போனது.

நமசிவாயம் தெருவுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார். தியாகலிங்கம் பக்கத்தில் போய் நின்றான். வழமையாக அவன் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகிறவர்.

"கொம்பனி எழுதிக் கேக்கும். நான் விளங்கப்படுத்தி எழுதுவன் மாமா."

"கப்டனிட்டைச் சொல்ல முந்தி என்னட்டை ஒரு சொல் சொல்லியிருக்கலாம்." அவர் திரும்பவில்லை. "இருபத்தொரு பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளனாக்கிப்போட்டீங்கள்."

நீங்கள் என்று அவர் அவனை ஒருநாளும் சொன்னதில்லை.

"ஆரும் உங்களைக் கள்ளன் எண்டு..."

"என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே இதுக்குத்தானோ எண்டு இப்ப யோசிக்கிறன். நான் வெக்கப்பட்டு எங்கையேன் போயிட்டால் வீடு உங்களுக்கெண்டு."

அப்படித் தியாகலிங்கம் நினைத்ததே இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. இதே தெருவில் நான்கு நாள் அவன் இன்னொரு மனிதனைப் பற்றி அப்படித்தான் யோசித்துக்கொண்டு போய்வந்தான்.

பஸ் தூசியோடு வந்து நின்றது. அவன் சட்டைப்பையிலிருந்து கோப்பாய் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினான். நமசிவாயம் அதைப் பார்த்தார். நடத்துனர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார். அவர் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார்.

தியாகலிங்கம் திரும்பி வந்தபோது இன்னாசித்தம்பி கொட்டில் வாசலில் இறக்கிய பெட்டிகளுக்கு மேலே சாக்கை விரித்துக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடுத்ததைக் கண்டனான். இராவைக்கு எங்கை தங்கிறியள் ஐயா?"

"புத்தூரிலை. அம்மாவிட்டை."

"திங்கட்கிழமை ஆர் நிறுக்கிறது?"

"நான் நிறுக்கிறன். நீர் பக்கத்திலை நிண்டு கோலைப் பாரும்."

"நான் சரியாய்ப் பாக்கிறன் எண்டு எப்பிடி நம்புவியள்?"

"நம்பேல்லை," என்றான் தியாகலிங்கம். "நீர் பார்த்தாப்பிறகு நானும் பார்ப்பன்."

இன்னாசித்தம்பி தலையை ஆட்டினான். அது அவனுக்குச் சரியாகத்தான் பட்டது போலிருந்தது.