பக்கம் முழுக்கக் கேள்விக்குறி

அச்சுக்கடைக்காரம்மா கணினித் திரையைத் தையற்காரர் பக்கம் திருப்பினாள். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். இடையிடையே காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எங்கோ ஒரு தேதி. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி தட்டி வைத்ததில் மிச்சம் அவ்வளவுதான்.

“ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு எண் இருக்கு சார். நீங்க இதைப் பழைய முறையில சேவ் பண்ணிட்டீங்க. அதுல தமிழுக்கு எண்ணே கிடையாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுடுச்சு.”

“திருப்பி மாத்த முடியாதா?”

“எது என்ன எழுத்துன்னு இப்ப அதுக்கே தெரியாதே சார்.”

மகள் இறந்த பிறகு அவரும் மனைவியும் அதைப் படிக்கவில்லை. மனைவிக்கு நேற்றுதான் தைரியம் வந்தது. “அச்சுப் போட்டு வாங்கிட்டு வாங்க, நிதானமா படிக்கிறேன்” என்றாள். அவர் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக் கணினியில் அதைத் திறந்து, மேலே ‘எங்கள் பெண் எழுதியது’ என்று ஒரு வரி சேர்க்க ஆசைப்பட்டார். மூடும்போது, சில எழுத்துகள் தொலைந்து போகலாம், சரியா என்று கணினி கேட்டது. யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டியே காலம் தள்ளிய மனிதர், அதற்கும் சரி என்றார். வேறு பிரதி கிடையாது.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனமில்லை. கேள்விக்குறிகளையே அச்சுப் போட்டு வாங்கிக்கொண்டார்.

நடந்ததைச் சொன்னதும் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாள்களை மடியில் வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

“அம்மான்னு எழுதியிருந்தா அஞ்சு குறி வருமாம். புள்ளி, கால் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுமாம். கடையில அடிச்சுக் காட்டினாங்க” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடி எடுத்தாள். வரி வரியாக விரலை ஓட்டினாள்.

“இதோ அஞ்சு. பக்கத்துல காற்புள்ளி. என்னைத்தான் கூப்பிடுறா.” விரல் கீழே நகர்ந்தது. “இங்க ஒண்ணு. எத்தனை தடவ கூப்பிட்டிருக்கா பாருங்க!”

‘அப்பா’ என்று எழுதினாலும் ஐந்துதான். அதையும் அடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் கடையிலிருந்து கிளம்பியிருந்தார். சொல்ல வாய் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் விரல் அடுத்த ஐந்தில் வந்து நின்றது.