ஒரே பதிவேடு

நூம்பல் காலனி சபையில் தகரக் கூரை உண்டு, பழைய கீபோர்டு உண்டு, நாற்பத்து மூன்று குடும்பங்கள் உண்டு. பதிவேடு மட்டும் கிடையாது. யார் எப்போது ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்பதெல்லாம் போதகர் வீராசாமியின் தலைக்குள் இருந்தது.

"எழுதி வெச்சா எவனாவது படிப்பான்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

காரணம் காலனியில் எல்லோருக்கும் தெரியும். சாதிச் சான்றிதழில் அவர்கள் இந்து ஆதிதிராவிடர். கிறிஸ்தவர் என்று ஒரு தாள் சொல்லிவிட்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது. படிப்பிலும் வேலையிலும் அந்த ஒதுக்கீடு கிடையாது. அதனால் முனியம்மாவின் மகள் ஞாயிற்றுக்கிழமை எஸ்தர், மற்ற நாட்களில் ஜோதிகா.

ஜோதிகா மூன்றாவது முயற்சியில் குரூப் நாலு தேர்வில் தேறியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தால் அரசாங்க வேலை. அவள் படித்ததெல்லாம் அம்மா எதிரிலிருந்த பதினாறு மாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைத்த சம்பளத்தில்தான்.

அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கும் ஒரு சபை இருந்தது. குளிரூட்டிய மண்டபம், வெளியூர்களிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கும் குடும்பங்கள். சபையின் செயலாளர் ஹெப்சிபா, தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண், பதினோராவது மாடி. ஒருநாள் முனியம்மா படிக்கட்டு துடைத்துக்கொண்டே கீர்த்தனை முணுமுணுத்ததைக் கேட்டு நின்றாள்.

"அக்கா, நீங்க விசுவாசியா?"

எதிர்ச்சாரியில் இருப்பது கோடவுன் என்றுதான் ஐந்து வருடங்களாக ஹெப்சிபா நினைத்திருந்தாள். அது ஆலயம் என்று அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் 'ஒப்புரவு ஞாயிறு'. இரண்டு சபைகளும் ஒரே மண்டபத்தில் ஒரே ஆராதனை நடத்துவது என்று முடிவாயிற்று.

அன்று குடியிருப்புக்காரர்கள் காலனிக்காரர்களின் கால்களைக் கழுவினார்கள். நீல பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் மண்டியிட்டாள் ஹெப்சிபா. பினாயிலில் வெடித்த முனியம்மாவின் குதிகாலைக் கையில் ஏந்தியதும் அழுதுவிட்டாள். அது வேஷம் இல்லை. முனியம்மாவும் அழுதாள். முப்பது வருடங்களில் அந்தக் காலைத் தொட்டவர்கள் யாரும் இல்லை.

அடுத்து, குடியிருப்புச் சபையின் போதகர் தடிமனான புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இனி ரெண்டு சபை இல்ல. ஒரே பதிவேடு. ஜீவபுஸ்தகத்துல எல்லார் பேரும் ஒண்ணா இருக்கிற மாதிரி, இதுலயும் ஒண்ணா இருக்கும்."

மண்டபம் கைதட்டியது. வீராசாமி எழுந்து ஏதோ சொல்ல வந்தார். யாரோ மைக்கை நீட்டினார்கள். மைக்கில் சொல்லக்கூடிய விஷயமா அது? "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், கதவு எண், கையெழுத்து. வரிசை நகர்ந்தது.

"மா, வேணாம்மா. வா போய்டலாம்" என்று ஜோதிகா சேலையை இழுத்தாள்.

"இப்பதான்டி கால கழுவுனாங்கோ. ஈரம்கூட காயல. மூஞ்சத் திருப்பிக்கினு போறதா?"

"நான் போட மாட்டேன்."

"நீ போடாத. நான் போட்டுக்கிறேன்."

முனியம்மா இரண்டு வரியிலும் தானே கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பக்கத்தை ஹெப்சிபா போட்டோ எடுத்து, 'சுவர் இடிந்தது' என்று எழுதிச் சபையின் முகநூலில் போட்டாள்.

நாற்பதாம் நாள் தாலுகா அலுவலகத்திலிருந்து, ஜோதிகாவின் சாதிச் சான்றிதழ் பற்றி விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. யாரோ பெயரில்லாமல் மனு போட்டிருந்தார்கள். கூடவே அந்தப் போட்டோவின் பிரதி.

முனியம்மா மகளோடு பதினோராவது மாடிக்குப் போனாள். முதல் தடவையாகக் குடியிருப்புக்காரர்கள் போகும் லிஃப்டில்.

"இன்னா முனிமா, கெஸ்ட்டா வந்துகிறியா?" என்று சிரித்தான் வாட்ச்மேன். அவள் நிற்கவில்லை.

கடிதத்தைப் படித்ததும் ஹெப்சிபா போனில் முகநூலைத் திறந்தாள். போட்டோவை அங்கேயே அழித்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லிகினா இருப்பாங்கோ இத? சரி, உடும்மா. நாங்க சபைல இல்ல, சும்மா வேடிக்கை பாக்க வந்தோம்னு ஒரு லெட்டர் குடு. போதும்."

ஹெப்சிபா போதகருக்குப் போன் போட்டாள். உள்ளறைக்குப் போய் வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது தலை குனிந்திருந்தது.

"சபை பேர்ல பொய் எழுத முடியாதுங்கறாங்க அக்கா. எனக்கும் அது... கர்த்தர் வேற வாசல் திறப்பார். ஜோதிகாவுக்கு நம்ம சபை ஆபீஸ்லயே வேலை தர்றதா சொன்னாங்க."

"எந்தப் பேர்ல தருவீங்க?" என்று கேட்டாள் ஜோதிகா.

ஹெப்சிபா கடிதத்தை மடித்து முனியம்மாவிடம் நீட்டினாள்.

"உன் சர்ட்டிபிகேட்ல இன்னா போட்டுக்கிதும்மா?" என்றாள் முனியம்மா.

"கிறிஸ்டியன்னுதான். பி.சி."

"அத்த வெச்சிதான படிச்ச?"

"ஆமா."

"ஏசுவால உனக்குத்தான் ஒண்ணும் போவல. எங்களுக்குப் போவுதே."

விசாரணை நாளன்று முனியம்மா பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். அதிகாரி கடுமையானவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். போட்டோ பிரதியை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"இல்ல சார்."

"மகளோடது?"

"அவுளுதும் இல்ல. நாங்க மாரியாத்தாளக் கும்புடறவங்க சார்."

சொல்லும்போது அவள் ஜோதிகாவின் பக்கம் திரும்பவில்லை.

"நல்லது. அதையே வாக்குமூலமா எழுதிக்கிறேன்." எழுதி முடித்துத் தாளை நகர்த்தினார். "இங்க கையெழுத்துப் போடுங்க."

வயதான பிறகு முதியோர் வகுப்பில் அவள் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. 'மு'வை இரண்டு தடவை அழுத்தி, 'ம்மா'வைக் கீழே சரியவிடுவாள். வேறு மாதிரி போட அவளுக்குத் தெரியாது. போட்டாள்.

அதிகாரி அந்தத் தாளைப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். பதிவேட்டில் இரண்டு வரி, வாக்குமூலத்தில் ஒன்று. மூன்றும் ஒரே கை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா..." என்றார்.

சான்றிதழ் ரத்தானது. வேலையும் போனது. அதே பக்கத்தில் கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்து வீராசாமியிடம் சண்டைக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியது. இரண்டாம் மாதம் அவர் கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஜோதிகா செம்பரம்பாக்கத்தில் ஒரு கோடவுனில் பெட்டி ஒட்டப் போகிறாள். அம்மாவோடு பேசுவதில்லை.

குளிரூட்டிய மண்டபத்தில் மட்டும் வாரம் தவறாமல் 'சகோதரி எஸ்தருக்காக' ஜெபிக்கிறார்கள். பதிவேடு இன்னும் பீடத்தின்மேல் இருக்கிறது.

ஒரு ஞாயிறு காலை. பதினோராவது மாடிப் படிக்கட்டைத் துடைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்து உட்கார்ந்திருந்தாள் முனியம்மா. கதவு திறந்தது. பைபிளோடு வந்த ஹெப்சிபா அவளைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அவள் எதிரே, ஈரப் படியிலேயே, மெதுவாக மண்டியிடப் போனாள்.

முனியம்மா இரண்டு கால்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ போம்மா. கோயிலுக்கு நேரமாவுது."