விறைத்த கழுத்து

கும்மிடிப்பூண்டி கம்பித் தொழிற்சாலையில் புது வெட்டு இயந்திரத்தில் நிற்கவே மாட்டேன் என்றான் அப்பாவு. “ஸ்டிஃப்-நெக்ட் ஆசாமி! இன்றே கணக்கு முடித்து அனுப்பு” என்று மேற்பார்வையாளன் மணவாளனுக்கு உத்தரவு போட்டுவிட்டார் மேனேஜர். அப்பாவு, மணவாளன் இருவரும் ஆரணிப் பக்கம் ஏர் பிடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள்.

“மேனேஜரு இங்கிலீஷ்ல இன்னாண்ணே திட்னாரு?” என்று மணவாளனைக் கேட்டான் அப்பாவு.

“வீம்பு புடிச்சவன்னு அர்த்தம். நுகத்தடிக்குக் குனியாம கழுத்த வெறப்பா வச்சிக்கினு நிக்கற மாட்டப் பாத்து, அந்தக் காலத்து யூதருங்க சொன்னது. இங்கிலீஷ்காரன் எடுத்துக்கினான்.”

“அவங்களும் மாட்டோட பேஜாருபட்டவங்கதானா?” என்று சிரித்தான் அப்பாவு.

மணவாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி முரண்டு பிடிக்கும் மாட்டை அவன் அடித்ததில்லை. முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பான். பெரும்பாலும் புண் இருக்கும். இவனை மட்டும் கேட்காமலே அனுப்பப் பார்த்தோமே என்று உறுத்தியது.

“உனக்கு இன்னாடா நோவு? மறைக்காம சொல்லு.”

அப்பாவு தரையைப் பார்த்தான். “வலது கண்ணு மங்கிக்கினே வருதுண்ணே. அந்த மெஷின்ல நின்னா கை பூடும். வெளிய சொன்னா வேலையே பூடும்.”

மணவாளன் மேனேஜர் அறைக்குப் போனான். வெகுநேரம் வாதாடிவிட்டுத்தான் வெளியே வந்தான்.

“நாளைலருந்து கம்பி கட்ற எடத்துக்கு வா. அதுக்கு முன்னாடி டாக்டராண்ட கண்ணக் காட்டு.”